என் வாக்கியங்களை முடித்து வைத்தவர்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அதன் கிரீச் சத்தம் கேசட்டில் விழுந்துவிடுமாம். ஜன்னல்களையும் சாத்தியாயிற்று. பங்குனி வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே லிடியா மிஸ், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு டேப் ரெக்கார்டர், அதற்குக் கீழே சத்தம் குறைய மடித்துப் போட்ட ஒரு துண்டு.

மிஸ் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினார். என் பெயரையும் தேர்வு எண்ணையும் அவரே கேசட்டில் சொன்னார். விதி அப்படி. பிறகு ஸ்பானிஷ் மொழியில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். நானும் முக்கி முனகிப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“கோமோ எஸ் து மாத்ரே?”

உன் அம்மா எப்படிப்பட்டவர்?

பதில் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். “மி மாத்ரே...” என்று ஆரம்பித்தேன். என் அம்மா. அதற்கு மேல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேசட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அது கொஞ்ச நேரம் சுற்றட்டும். நான் எப்படி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பாயசம்

எனக்குத் திக்கும். இத்தனை வாரமாக இந்தத் தொடரை வாசிப்பவர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். எழுத்தில் திக்காது. அதனால்தானே எழுத வந்தேன்.

பாட்டுப் பாடினால் திக்காது. கோழியை விரட்டினால் திக்காது. தனியாக இருக்கும்போது சுவரைப் பார்த்துப் பேசினால் மேடைப் பேச்சாளர் தோற்றார். எதிரே ஒரு மனிதர் வந்து நின்று, நான் சொல்லப்போவதைக் கேட்கக் காதைக் கொடுத்தால் போதும், முடிந்தது கதை. அதிலும் மிக மோசமாகத் திக்குவது என் பெயர். பாண்டிச்செல்வி. குலசாமி பெயரைச் சேர்த்து அப்பா ஆசையாக வைத்தது. அந்த முதல் எழுத்தில் உதடு ஒட்டினால் பிரித்தெடுக்க ஆள் வேண்டும்.

ஆளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. நான் ஒரு எழுத்தைச் சொன்னால் மீதியைச் சொல்ல நாலு பேர் நிற்பார்கள். பஸ்ஸில் நான் “ஒ...” என்றதும் கண்டக்டர் ஒத்தக்கடை டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். மளிகைக்கடையில் நான் “து...” என்றதும் அண்ணாச்சி துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிவிடுவார். நான் துணி சோப்பு வாங்க வந்திருப்பேன். அவ்வளவு அன்பாகக் கட்டிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டுமே, அதற்குப் பயந்து பருப்போடு வீட்டுக்குப் போவேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவசரம். பரிமாறிக்கொண்டிருந்த அத்தையைக் கூப்பிட்டு, “பா... பா...” என்றேன். “பாயசமா ஆத்தா? அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கூச்சம்?” என்று இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள். நான் கேட்டது பாத்ரூம். அந்தப் பாயசத்தைக் கண்ணீரோடு குடித்து முடித்தேன். பிள்ளைக்குப் பாயசம் என்றால் உயிர் என்று இன்று வரை அந்த வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவி அம்மா. என்னை யாராவது ஏதாவது கேட்டால் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். பேர் என்ன, எந்த வகுப்பு, சாப்பிட்டியா, காய்ச்சல் எப்படி இருக்கு, எல்லாம். டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்பதைக்கூட அம்மாதான் சொல்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள். அதுதான் கஷ்டம்.

முடித்து வைக்காத ஒரே ஆள் அப்பா. அது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். போர்வெல் வண்டியோடு வருஷக்கணக்கில் கிடந்ததில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. நான் எப்போது முடித்தேன் என்பதே அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

தண்ணீர் வந்த கதை

அப்பாவின் போர் வண்டியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வண்டிதான் என்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில், வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று விளம்பரப் பலகை வைத்து ஒரு பள்ளி முளைத்தது. இடம் வாங்கிக் கட்டடமும் பாதி எழும்பிவிட்டது, தண்ணீர் மட்டும் இல்லை. இரண்டு வண்டிக்காரர்கள் துளை போட்டுவிட்டுப் புழுதியோடு திரும்பிப் போயிருந்தார்கள். அப்பா போட்ட இடத்தில் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. “உங்க பிள்ளையக் கொண்டாந்து சேருங்க, பாத்துக்கலாம்” என்றார். அப்பா மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்தார். மனிதர்கள் மனம் மாறுவார்கள், தண்ணீர் வந்த அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்பது அவர் தொழில் அனுபவம்.

அங்கே தமிழ், இந்தி, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றை எடுக்கலாம் என்றார்கள். நான் ஸ்பானிஷ் எடுத்தேன். வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் கணக்கு வேறு. தமிழ் வகுப்பில் எழுந்து நின்று செய்யுள் வாசிக்க வேண்டும், நான் திக்குவது எல்லோருக்கும் தெரியும். யாருக்குமே தெரியாத ஒரு மொழியில் திக்கினால் அது திக்கல் என்று யார் கண்டுபிடிப்பார்கள்? அந்த மொழியே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வயதில் இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எனக்குத் தோன்றியதில்லை. தமிழுக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான், ஸ்பானிஷுக்குத்தான் பேச்சுத் தேர்வு உண்டு என்பது பத்தாம் வகுப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. டீச்சர் கேள்வி கேட்க, மாணவி பதில் சொல்ல, அதைக் கேசட்டில் பிடித்துக் கப்பலோ விமானமோ ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். அங்கே யாரோ உட்கார்ந்து கேட்டு மார்க் போடுவார்களாம்.

அம்மா கேட்டதும் சொன்னாள். “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்.”

மிஸ்ஸின் குரல்

லிடியா மிஸ் பசுமலைக்காரர். கணவரின் வேலைக்காகத் தென் அமெரிக்காவில் ஒரு நாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர். பசுமலையிலிருந்து ஒத்தக்கடைக்கு மதுரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மொபெட்டில் வருவார். வகுப்புக்குள் நுழையும்போது முகத்தில் ஊர்ப் புழுதி முழுவதும் இருக்கும். “ஹோலா” என்று வணக்கம் சொல்லி அதோடுதான் சிரிப்பார்.

நாங்கள்தான் முதல் செட். ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவோம். என் பக்கத்தில் ஹேமா. கீழவாசல் பக்கம் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண், அப்பாவுக்குச் சேலை வியாபாரம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று பிறந்ததிலிருந்தே மாறி மாறிப் பேசியவள். “இது நாலாவது, அம்புட்டுத்தான்” என்பாள். எனக்குத் தமிழிலும் திக்கியது, ஆங்கிலத்திலும் திக்கியது, ஸ்பானிஷிலும் திக்கியது. திக்கலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

கேள்விகள் எல்லாம் வேறு உலகத்துக்கு எழுதப்பட்டவை. விடுமுறைக்கு எங்கே போனாய், உன் அறை எப்படி இருக்கும், உன் நாயின் பெயர் என்ன. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு அலமாரித் தட்டு உண்டு, அறை கிடையாது. “பொய் சொன்னாலும் பரவாயில்ல. இது சத்தியப் பிரமாணம் இல்ல, மொழிப் பரீட்சை. வாக்கியம் முழுசா இருந்தாப் போதும்” என்றார் மிஸ். உடனே ஹேமா ஒரு நாய், ஒரு நீச்சல்குளம், கடற்கரை ஓரம் ஒரு மாமா எல்லாவற்றையும் சம்பாதித்துக்கொண்டாள்.

மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள். அதைக் கேசட்டில் பிடித்து, முடிந்ததும் போட்டுக் கேட்டோம். என் முறை வந்தது. மிஸ் குரலில் கேள்வி. பிறகு என் குரலில் அரை வார்த்தை. பிறகு மிஸ் குரலில் மீதி வார்த்தை. மறுபடியும் அப்படியே. கடைசி வரை அப்படியே. ஹேமா முதலில் சிரித்தாள். பிறகு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“இத அனுப்புனா எனக்குத்தான்டா மார்க் போடுவாங்க” என்றார் மிஸ். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. “நீ தவிக்கிறதப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியலடா.”

பாயசம் ஊற்றிய அத்தை மாதிரியே இவரும். பத்தாயிரம் மைல் தாண்டிப் போய் வந்தும் மதுரைக்காரர்தானே.

டாக்டர் சீட்டு

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேச்சுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். டாக்டர் சான்றிதழ் ஒன்று போதும், எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து மார்க் போட்டுவிடுவார்கள். அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். மிஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நீ என்ன சொல்ற? விலக்கு வாங்கிக்கலாமா?”

நான் வாயைத் திறந்தேன். “நா... நா...”

“நாளைக்கே டாக்டரம்மாவப் பாத்து வாங்கிட்டு வந்துர்றோம் டீச்சர்” என்றாள் அம்மா.

நான் சொல்ல வந்தது ‘நான் பேசுறேன்’ என்பது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பயம்தான் நிறைய இருந்தது. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர், என்னை முடித்து வைக்க முடியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதைக் கடைசி வரை கேட்டே ஆக வேண்டும். அது அவர் வேலை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆள் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அன்று மாலை அப்பா சாப்பிடும்போது கேட்டார். “பிள்ள என்ன சொல்லுச்சு?”

“வேணாம்னுட்டா” என்றாள் அம்மா.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது, ரசம் ஆறிப்போனது. “நா...ன் பே...சுறேன்” என்று சொல்லி முடித்தேன். அம்மா நடுவே இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் அப்பா “என்ன? என்ன சொல்ற?” என்று காதில் கையை வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

“அப்பப் பேசட்டும்” என்றார்.

அம்மா விடவில்லை. சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். “அன்னைக்குக் காலைல முடியலேன்னா குடுத்துரலாம்ல. ஒரு பாதுகாப்புக்குத்தான்.” கோபமாக இருந்தது எனக்கு. என்னைப் பற்றிய ஒரு தீர்ப்பு அவள் பைக்குள் மடிந்து கிடந்தது.

சின்ன வெங்காயம்

தினமும் வீட்டில் யாரோடாவது பேசிப் பழகச் சொன்னார் மிஸ். ஹேமா வீடு தூரம். அப்பா தண்ணீர் தேடி எந்த ஊரில் இருக்கிறார் என்பது அவருக்கே மாலையில்தான் தெரியும். மிச்சம் அம்மா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கேள்விகளைத் தமிழ் எழுத்தில் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி அடுக்களைச் சுவரில் மாட்டினேன்.

அம்மா சுளகில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டே அண்ணாந்து வாசிப்பாள். “கோமோ எஸ் து காஸா?” உன் வீடு எப்படி இருக்கும் என்று அர்த்தம். அம்மா கேட்கிற தொனியில், எதிர்வீட்டுக்காரியிடம், கடன் வாங்கிய அரிசியை ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை என்று கேட்பதுபோல இருக்கும்.

நான் பதில் சொல்ல ஆரம்பிப்பேன். திக்குவேன். அம்மா பழக்க தோஷத்தில் வாயைத் திறப்பாள். திறந்த வாயில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. மூடிக்கொண்டு வெங்காயத்தை உரிப்பாள்.

அந்த அமைதி எனக்குப் புதிது. முதல் சில நாள் அது பயமாகக்கூட இருந்தது. யாரும் தூக்கிவிட வராத பள்ளத்தில் நானே காலை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. சில பதில்களுக்கு அரைச் சுளகு வெங்காயம் ஆகும். ஆனால் ஏறினேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நானே போய், நானே முடிக்கிற ருசி எனக்கு அந்த அடுக்களையில்தான் தெரிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முடிஞ்சுச்சா? அடுத்தது கேக்கவா?” என்பாள்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு ஒரு குணம் உண்டு. காதில் விழுந்தது எதுவும் அவளைவிட்டுப் போகாது. எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சேலை கட்டினார்கள், சண்டையில் முதல் வார்த்தை யார் விட்டார்கள், எல்லாம் அச்சடித்தது போல இருக்கும். ஒரு நாள் நான் “மி காஸா எஸ்...” என்று நின்றுவிட்டேன். என் வீடு சின்னது என்று சொல்ல வேண்டும்.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “பெக்கேன்யா” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எ... என்னம்மா சொன்ன?”

“நீதான தெனமும் சொல்ற. காஸா எஸ் பெக்கேன்யா. அடுத்து அந்த சிம்பாத்திகா வரும்.”

சிம்பாத்திகா என்றால் இனிமையானவர், அது என் அம்மாவைப் பற்றிய பதில். அவளுக்கு அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் என் பதில்கள் மொத்தமும் அவளுக்கு மனப்பாடம். அன்றிலிருந்து ஸ்பானிஷிலும் முடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். உதவி செய்கிறோம் என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படி மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது? கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஒளிந்துகொள்ள ஒரு மொழி கிடைத்திருந்தது, அங்கேயும் அம்மா வந்து பாயை விரித்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரே வழிதான் இருந்தது. தினமும் பதிலை மாற்ற வேண்டும். அம்மா கேட்டிராததைச் சொன்னால் அம்மாவால் முடிக்க முடியாது.

மறுநாள் வீடு சின்னது என்பதற்குப் பதிலாக, எங்கள் வீட்டில் வெங்காய வாசனை வரும் என்றேன். அடுத்த நாள், பக்கத்து மனையில் வீடு கட்டுவதால் தூசி வருகிறது என்றேன். விடுமுறைக்குக் கடற்கரை போகவில்லை, அப்பாவோடு போர் வண்டி பார்க்கப் போனேன், தண்ணீர் வரவில்லை, அப்பா யாரோடும் பேசாமல் திரும்பினார் என்றேன். இல்லாத நாயைத் துரத்திவிட்டேன். அகராதியைப் புரட்டிப் புரட்டி, உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தேன். பொய் என்றால் ஒரே மாதிரிதான் சொல்ல வரும். உண்மைக்குத்தான் தினம் ஒன்று புதிதாகக் கிடைத்தது.

அப்படி ஒரு சாயங்காலம், “கோமோ எஸ் து மாத்ரே?” என்று அம்மா கேட்டாள். வழக்கமான பதில், என் அம்மா உயரமானவர், இனிமையானவர். அம்மா என் தோள் உயரம்தான் இருப்பாள். நான் அவளுக்கு நேராக உட்கார்ந்து சொன்னேன்.

“மி மாத்ரே ஆப்லா போர் மி. கியேரோ ஆப்லார் யோ.”

என் அம்மா எனக்காகப் பேசுகிறாள். நான் பேச வேண்டும், நானே.

அதைச் சொல்ல எனக்குப் பாதிச் சுளகு ஆயிற்று. தமிழில் என்றால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது புதுசா இருக்கே. நல்லாத்தான் வருது” என்றாள். எனக்கு என்னவோ போலாகி, தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

கேசட் சுற்றிக்கொண்டிருந்த அறை

தேர்வன்று காலையில் புது வில்லங்கம் ஒன்று. பள்ளிக்குப் பின்னால் கோயில் திருவிழா. குழாய் ரேடியோ காதைப் பிளந்தது. கேசட்டில் எங்கள் குரல் எங்கே விழும்? மிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அம்மாவோடு என்னைக் கொண்டுவந்து விட்ட அப்பாதான் ரேடியோக்காரப் பையனிடம் போனார்.

“மாப்ள, பிள்ளைகளுக்குப் பரீட்ச. மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் நிப்பாட்டி வையிங்க.”

“அண்ணே, விழாக் கமிட்டி திட்டுவாங்கண்ணே.”

“சாமிக்குத் தண்ணி ஊத்துற போரு நான் போட்டது மாப்ள. சாமி கோவிச்சுக்காது.”

ரேடியோ நின்றது. காது கேட்காத மனிதர் அந்த ஊரின் சத்தத்தை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தார்.

ஹேமா முதலில் போய் நாயும் நீச்சல்குளமுமாக வெளுத்து வாங்கிவிட்டு வந்தாள். என் முறை வந்தபோது வாசலில் அம்மா பையைத் திறப்பது தெரிந்தது. சான்றிதழ். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மிஸ் உடனே வரவில்லை. வெளியே அம்மாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.  என்னைக் கேட்காமல் சீட்டைக் கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

வந்த மிஸ்ஸின் கையில் சீட்டு இல்லை. ஒரு புளிப்பு மிட்டாய் இருந்தது. கண்ணாடித்தாளைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். “எனக்குத்தான். வாய் சும்மா இருக்காதுல்ல” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

அப்புறம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன இடம். “மி மாத்ரே...” சுற்றுகிறது. எனக்கு வழக்கமான பதிலும் தெரியும், அந்தச் சாயங்காலப் பதிலும் தெரியும். உயரமானவர், இனிமையானவர் என்றால் பாதி மார்க்காவது வரும். மிஸ்ஸின் கன்னத்தில் மிட்டாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று. அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

“...ஆப்லா போர் மி” என்றேன். வந்துவிட்டது. “கியேரோ... ஆப்... ஆப்லார்... யோ.”

மிஸ் ஆச்சரியப்படவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. “போர் கே?” என்று கேட்டார். ஏன்? எங்கள் காலண்டர் தாளில் இல்லாத கேள்வி. அம்மா ஏன் எனக்காகப் பேசுகிறாள்?

அதற்கு நான் எந்தப் பதிலும் தயார் செய்திருக்கவில்லை. ஆனால் யோசிக்க ஒன்றும் இல்லை.

“போர்கே... மே... கியேரே.”

என்மேல் பிரியம், அதனால்.

அதையும் நானேதான் முடித்தேன். எத்தனை கேள்வி பாக்கி, என்னென்ன சொன்னேன் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. மார்க் பின்னால் வந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, ஹேமாவின் நாய் என்னைவிட அதிகம் வாங்கியது. ஆனால் தேறிவிட்டேன்.

பஸ்ஸில்

அப்பா வேலைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மேலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். அம்மா பையிலிருந்து டாக்டர் சான்றிதழை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காக மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். 

“அன்னைக்கு ஒண்ணு சொன்னியே. கியேரோ ஆப்லார் யோ” என்றாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். “புதுசா இருந்துச்சேன்னு மிஸ்ஸுகிட்டக் கேட்டேன், இப்ப, வாசல்ல வச்சு.”

 அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே விசிறினாள்.

“தமிழ்லயே சொல்லிருக்கலாம்ல” என்றாள்.

“அ... அதுக்குள்ள நீ...”

அம்மா முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் பூக்கூடையோடு ஏறி எங்களுக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். என் சீருடையை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

“பாப்பா பேரு என்ன?”

கேள்வி என்னைப் பார்த்து. பதிலுக்குக் கண் அம்மாவைப் பார்த்து. நானும் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவசரமாக முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிஸ் கொடுத்ததாக இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு உதட்டை இறுக மூடினாள்.

“பா...” என்றேன். ஒட்டிக்கொண்டது. பூக்கார அம்மாள், “பாண்டியம்மாவா? பார்வதியா?” என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் கைமேல் கையை வைத்து, பொறுங்கள் என்று தலையை அசைத்தாள்.

வெளியே யானைமலை வந்தது. அந்த மலையின் ஒரு முனையில் ஆரம்பித்தேன். பஸ் அதை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஒரு முறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பூக்கார அம்மாளும் பூ கட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். மலை முடிகிற இடத்தில், “ண்டிச்... செல்வி” என்று முடித்தேன்.

என் பெயரை முதன்முதலாக ஒரு புது ஆளிடம் நான் முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அம்மா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மடியில் வெங்காயம் இல்லை.

“ஏன்டி, இம்புட்டு நீளப் பேராவா வச்சிருக்கோம்?” என்றாள். “நல்லாத்தான் இருக்கு.”